பீங்கான் விரலுறை

“உடன் வந்தவர்: தாய். கல்வி: இல்லை. தொழில்: இல்லை. பற்சிதைவுக்கும் பல் முறிவுக்கும் காரணம்: பராமரிப்பவரின் அக்கறையின்மை. வாய்ச் சுகாதாரம் குறித்து ஆலோசனை வழங்கப்பட்டது.”

பெரிய ஊர் ஒன்றின் பல் மருத்துவமனையில், வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், தேவி என்கிற ஆறரை வயதுச் சிறுமியை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் இப்படி இருந்தது. இருந்தது ஆங்கிலத்தில். தேவியின் அம்மா பூங்கோதை, விருத்தாசலம் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மயக்கம் முழுசாகத் தெளியாத மகளை மடியில் சாய்த்துக்கொண்டு, அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். தனக்குப் படிப்பில்லை என்று எழுதியிருந்ததையும் அவளே படித்துத் தெரிந்துகொண்டாள். பன்னிரண்டாம் வகுப்பில் அவள் எடுத்த மார்க்கைச் சொன்னால் கருவேப்பிலங்குறிச்சியில் அவளுடைய அப்பா இன்றைக்கும் துண்டைச் சரிசெய்துகொள்வார். தாய் என்று போட்டிருந்தது சரி. ஆலோசனை வழங்கப்பட்டது என்பதும் சரிதான். தேவி பிறந்த நாளிலிருந்து பூங்கோதைக்குக் குறைவில்லாமல் கிடைத்துவந்தது அது ஒன்றுதான்.

தொழில் இல்லாத பூங்கோதை, பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கத்துப் பட்டறை ஒன்றில் பதின்மூன்று வருஷமாகப் பொம்மை துடைக்கிறாள். களிமண்ணைக் கூழாகக் கரைத்து இரட்டை அச்சுக்குள் ஊற்றி வைப்பார்கள். அச்சைப் பிரித்ததும் பொம்மையின் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் கோட்டைப் பிளேடால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, அங்கே ஒரு கோடு இருந்ததே தெரியாமல் செய்வது அவள் வேலை. நன்றாகச் செய்தால், செய்தது யாருக்கும் தெரியாது. சரியாகச் செய்யாவிட்டால் மட்டும் மேஸ்திரி தேவநாதன் கூப்பிடுவார். பிள்ளையார், கண்ணன், கைகூப்பி நிற்கும் பெண் என்று ஒரு நாளைக்கு இருநூறு முகங்கள் அவள் விரலுக்கு அடியில் சுத்தமாயின. அதில் ஒன்றுகூட வாயை மூடிக்கொண்டு அடம் பிடித்ததில்லை.

தேவி பிறந்ததும் அழவில்லை. அழ வைப்பதற்கு நேரமாயிற்று. அந்த நேரத்துக்குள் நடந்தது நடந்துவிட்டது. ஐந்தாம் மாதத்தில் வலிப்பு வந்தது. பேச்சு வரவில்லை. கையைப் பிடித்தால் நடப்பாள், விட்டால் உட்கார்ந்துகொள்வாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் விழுந்து விழுந்து சிரிப்பாள்; பூங்கோதையும் சில நாள் காரணமில்லாமல் மிக்ஸியை ஓடவிடுவாள். புருஷன் வீரமுத்து பொம்மை ஏற்றிப்போகும் வண்டிக்கு டிரைவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பான். மற்ற நாட்களில் தேவி பட்டறையில், அம்மாவுக்குப் பக்கத்தில் கோணி விரித்து உட்கார்ந்து, கையில் கிடைத்ததைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஊரில் ஒருமுறை பல் முகாம் நடந்தது. பலூன் கட்டியிருந்தார்கள். ஒரு டாக்டர் தேங்காய் அளவுக்கு இருந்த பிளாஸ்டிக் பல்வரிசையைத் திறந்து மூடிக் காட்டி, எல்லோரும் அசையாமல் உட்கார்ந்து கவனியுங்கள் என்றார். அசையாமல் உட்காரத் தெரிந்த பிள்ளை அந்தக் கூடத்தில் ஒன்றுகூட இல்லை. பிறகு ஒவ்வொரு அம்மாவாக வரிசையில் போனார்கள்.

“ரெண்டு வேளை, ரெண்டு நிமிஷம் தேய்ச்சி விடுங்கம்மா. பட்டாணி அளவு பேஸ்ட்டு. நுரைய நல்லா துப்பச் சொல்லுங்க.”

“துப்பத் தெரியாதுங்க அவளுக்கு.”

“சொல்லிக் குடுங்க.”

“முழுங்கறதே இப்பத்தாங்க கத்துக்கினா.”

டாக்டர் சிரித்தபடி கரடி பொம்மை போட்ட பிரஷ் ஒன்றைக் கொடுத்தார். மூன்றாம் நாள் தேவி கரடியின் தலையைக் கடித்தெடுத்துவிட்டாள். பூங்கோதை வாய்க்குள் விரல் விட்டு அதை மீட்டாள். மீட்ட விரலில் ரத்தம் வந்தது.

அந்த விரலையே பிரஷ்ஷாக்கிக்கொண்டாள். அப்போது தேவிக்கு இரண்டு வயது. காலை பட்டறைக்குக் கிளம்புமுன் ஒருமுறை, சாயங்காலம் விளக்கேற்றுமுன் ஒருமுறை. தரையில் உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் மல்லாத்தி, இடது கை விரலால் கன்னத்தை விலக்கிப் பிடித்து, வலது ஆள்காட்டி விரலில் ஈர வேட்டித்துணியைச் சுற்றித் தேய்ப்பாள். பொம்மைக்குத் துடைப்பதுபோலத்தான், உள்ளிருந்து வெளியே, மேலிருந்து கீழே. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்டறையில் வேலை பார்த்த விரலுக்கு அது தானாக வந்தது. கடியும் வந்தது. தேவி வேண்டுமென்று கடிக்கமாட்டாள். வாய்க்குள் எது போனாலும் தாடை தானாக மூடிக்கொள்ளும்.

பக்கத்தில் உட்கார்ந்து துடைக்கும் பாஞ்சாலை தினமும் காலையில் அவள் கையைப் பிடித்துப் பார்ப்பாள்.

“என்னாடி இது, நாய் கடிச்சிதா?”

“எம்மவதாங்க்கா.”

“நாயா இருந்தா ஊசி போட்டுக்கலாம். இதுக்கு என்னா பண்றது?”

“என்னத்தப் பண்றது. பல்லு நல்லா இருக்குதுன்னு சந்தோஷப்பட்டுக்க வேண்டியதுதான்.”

பாஞ்சாலை சிரித்தாள். பூங்கோதையும் சிரித்தாள். அப்போது உண்மையிலேயே பல் நன்றாக இருக்கிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கூழ்மண்ணில் தினமும் நனைகிற விரலில் கடிவாய் ஆறுவதில்லை. ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது விழும். தேவிக்கு ஆறு வயதான வருஷம் கார்த்திகை வந்தது. அகல் விளக்கும் பொம்மையும் மலையாகக் குவிகிற மாதம். விரல் வீங்கி, பிளேடு பிடிக்க முடியாமல் போன ஒரு நாளில்தான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது.

விரலுக்கு ஒரு பீங்கான் உறை.

பீங்கான் ஊரில் அல்லாமல் வேறெங்கும் இந்த யோசனை தோன்றியிருக்காது. மற்ற ஊரில் ரப்பரைத் தேடியிருப்பார்கள், துணியை மடித்துத் தைத்திருப்பார்கள். பூங்கோதைக்குத் தெரிந்தவரை, சுத்தமானதும் உறுதியானதும் வாய்க்குள் வைத்தால் கெடுதல் செய்யாததும் ஒன்றுதான். டீ குடிக்கும் கோப்பையே அதில்தானே செய்கிறார்கள். இடது கை விரலில் உறையை மாட்டி மகளின் கடைவாய்ப் பற்களுக்கு இடையில் முட்டுக் கொடுத்துவிட்டால், வலது விரல் நிம்மதியாக வேலை பார்க்கலாம். மண்ணை விரலைச் சுற்றிப் பிடித்துச் செய்த முதல் உறை சூளையில் வெந்து சுருங்கி, சுண்டுவிரலுக்குக்கூடப் போதவில்லை. இரண்டாவது விரிசல் விட்டது. மூன்றாவதைச் சுருங்கும் அளவைக் கணக்குப் பண்ணிக் கொஞ்சம் பெரிசாகச் செய்து, விளிம்பை ஸ்பாஞ்சால் உருட்டி, வெள்ளைக் கண்ணாடிப் பூச்சு கொடுத்து, பிள்ளையார்களுக்கு நடுவில் சூளைக்குள் வைத்தாள். வெந்து இறங்கியபோது தேவநாதன் கண்ணில் பட்டுவிட்டது.

“என்னாம்மா இது, எந்தச் சாமிக்குத் தொப்பி?”

“எங்க வூட்டுச் சாமிக்குங்க.”

அவர் அதை நகத்தால் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்தார். விரிசல் இருந்தால் மண்சட்டிச் சத்தம் கேட்கும். இது வெண்கலம் மாதிரிக் கணீரென்றது. “நல்லா வெந்திருக்குது” என்று திருப்பிக் கொடுத்தார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருஷத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம்.

பதினோரு நாள் அது பிரமாதமாக வேலை செய்தது. தேவி உறையைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். வழவழப்பாக இருந்ததால் பிடித்துப்போயிருக்க வேண்டும். பூங்கோதை முதல்முறையாகக் கடைசிப் பல்லின் பின்பக்கம் வரை போய்த் தேய்த்தாள். விரலில் புண் ஆறிற்று. பாஞ்சாலை, “இத அச்சு போட்டு விக்கலாம்டி, ஊர்ல பாதிப் பிள்ளைங்க கடிக்கிதுங்க” என்றாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, உறை வாய்க்குள் இருக்கும்போதே, தேவிக்கு உடம்பு ஒருமுறை வெட்டி இழுத்தது. தாடை இறுகியது. டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

பூங்கோதை முதலில் உறையைத்தான் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. பதின்மூன்று வருஷத்தில் அவள் கையால் செய்ததில் துளிக் குறையில்லாமல் வெந்தது அது ஒன்றுதான். பிறகுதான் தேவியின் வாயைப் பார்த்தாள். கீழ்க் கடைவாயில் ஒரு பல் இரண்டாகப் பிளந்து நின்றது. முதலில் எதைப் பார்த்தாள் என்பதை அவள் வீரமுத்துவிடமும் சொல்லவில்லை, பாஞ்சாலையிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தேவி கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். உள்ளங்கையால், இடது கன்னத்தில், பளார் பளார் என்று. சோற்றைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டாள். மிக்ஸி ஓடியது, சிரிப்பு வரவில்லை.

கடைத்தெருவில் பல் டாக்டர்கள் நிறைய. ஒருவர் தேவி கத்துவதைக் கேட்டுவிட்டு மற்ற பேஷண்டுகள் பயப்படுகிறார்கள் என்றார். இன்னொருவரிடம், பல் பார்க்கும் கண்ணாடிக்குச்சியைத் தேவி கடித்துப் பிடித்துக்கொண்டாள். அதை விடுவித்த பிறகு அவர் கதவைக் காட்டினார். மூன்றாவதாக அவள் போய்ப் பார்த்த விருத்தகிரி என்கிற டாக்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பூங்கோதை வீட்டில் எப்படித் தலையை மடியில் வைப்பாளோ அப்படியே வைக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

“எப்படிம்மா ஒடஞ்சிது?”

“கீழ வுழுந்துட்டா சார்.”

“வுழுந்தா முன்பல்லுதான ஒடையும்?”

பூங்கோதை குனிந்து தேவியின் வாயோரத்து எச்சிலைத் துடைத்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

“ஒடஞ்சது ஒண்ணு. ஆனா ஒம்போது பல்லு உள்ளுக்குள்ள பொத்தலா இருக்குதும்மா. இந்தப் பல்லு பொத்தலா இல்லன்னா அவ்ளோ சுலபமா பொளந்துக்காது. வலிப்புக்கு என்னா மருந்து குடுக்கறீங்க?”

“சிரப்புங்க. காலையில ஒண்ணு, ராத்திரி படுக்கும்போது ஒண்ணு.”

“அதுல பாதி சர்க்கரைம்மா. குடிச்ச பெறகு வாயத் தொடைப்பீங்களா?”

“இல்லீங்க. பல்லு தேய்ச்சி முடிச்சிட்டுத்தான் மருந்து குடுப்பேன். ஒரு வேளை தவறினாலும் வலிப்பு வந்துரும்னு சொன்னாங்க. நான் ஒரு வேளைகூடத் தவற விட்டதில்லீங்க சார்.”

விருத்தகிரி டார்ச்சை அணைத்தார். ஆறு வருஷமாக அந்தச் சிரப்பை எழுதிக்கொடுத்தவர்கள் எல்லோரும் வேளை தவறியதா என்று மட்டும் கேட்டிருந்தார்கள். அவள் தேய்த்துச் சுத்தம் செய்த பல்லின்மேல் அவளே தினமும் பாகு பூசியிருக்கிறாள், ஒருநாள்கூட மறக்காமல். கொஞ்சம் சோம்பேறியான அம்மாவாக இருந்திருந்தால் பல் கொஞ்சம் தப்பித்திருக்கும். பிள்ளை தப்பித்திருக்காது. அப்படிப்பட்ட ஏற்பாடு அது.

“மயக்கம் குடுத்து ஒரே தடவையா எல்லாத்தையும் எடுக்கணும். இங்க வசதி இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். அதுவரைக்கும் வலிக்கு இந்த மருந்து” என்று எழுதினார். பூங்கோதை சீட்டைப் பார்த்துவிட்டு, “இதுவும் சிரப்புங்களா சார்?” என்றாள். “ஆமாம்மா” என்றார் அவர்.

பெரிய மருத்துவமனையில் தேதி கொடுத்தார்கள். மயக்கம் கொடுப்பதற்கு வலிப்பு டாக்டரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். வலிப்பு டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். அவர் ரத்தப் பரிசோதனை கேட்டார். எல்லாம் சேர்ந்து கைக்கு வந்தபோது ஆபரேஷன் தேதி முடிந்திருந்தது. அடுத்த தேதி மாசி மகத்தன்று அமைந்தது. ஊரே மணிமுத்தாற்றுக்கு வந்துகொண்டிருக்க, பூங்கோதையும் வீரமுத்துவும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு எதிராக நடந்து பஸ் பிடித்தார்கள். அங்கே போனதும் தேவி தும்மினாள். சளி இருந்தால் மயக்கம் கொடுக்கக் கூடாது, குணமானதும் வாருங்கள் என்றார்கள். குணமாகிப் போனபோது சம்மதக் கடிதத்துக்கு ஒரு மாதம் தாண்டிவிட்டது, புதிதாக வேண்டும் என்றார்கள். ஒவ்வொருவரும் பொறுமையாக, மரியாதையாகத்தான் சொன்னார்கள். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. வீரமுத்து பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணைத் திட்டினான்.

இதற்குள் பங்குனி போய், சித்திரை போயிற்று. தேவியின் இடது கன்னம் அடிபட்டு அடிபட்டுக் கறுத்துவிட்டது. பஸ்ஸில் ஒரு அம்மாள் பூங்கோதையிடம், “பச்சப்புள்ளைய இப்படி அடிக்கலாமா?” என்று கேட்டாள். பூங்கோதை அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வீடு வரை நடந்தே போனாள்.

வைகாசியில் எல்லாத் தாள்களும் ஒரே நாளில் உயிரோடு இருந்தன. சளி இல்லை. வீரமுத்து வெளியூர் லோடில் மாட்டிக்கொண்டதால் பூங்கோதை மட்டும் போனாள். ஆபரேஷனுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்ற ஒரு இளம்பெண் டாக்டர் வந்தாள்.

“பல்லு எப்படிம்மா உடைஞ்சது?”

அதுவரை நான்கு இடத்தில், கீழே விழுந்துவிட்டாள் என்று சொல்லியாகிவிட்டது. ஐந்தாவது முறை வாய் வரவில்லை.

“நான்தாங்க ஒடைச்சேன்.”

கைப்பையிலிருந்து உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். கதையைச் சொன்னாள், முதலில் எதைப் பார்த்தாள் என்பது உட்பட. அந்தப் பெண் உறையைத் தன் விரலில் மாட்டித் திருப்பிப் பார்த்தாள்.

“நீங்களே செஞ்சதா? அழகா இருக்கு” என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் தேடினாள். “அம்மா, இங்க காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. காயம்னு போட்டா போலீசுக்குத் தகவல் அனுப்பணும். அவங்க வந்து விசாரிச்சாத்தான் ஆபரேஷன். இன்னிக்கு நடக்காது.”

“வேணாங்க.”

“இன்னும் ரெண்டு காரணம் இருக்கு. பிறவிக் குறைன்னு ஒண்ணு. அது பொருந்தாது. அக்கறையின்மைன்னு ஒண்ணு. அதுக்குப் போலீஸ் வேணாம், ஆலோசனை குடுத்தாப் போதும்.” அந்தப் பெண் தலையை நிமிர்த்தவில்லை. “அதப் போட்டுடட்டுமா?”

“போடுங்க. பல்ல எடுத்தாப் போதும்.”

ஆக, அக்கறையின்மை என்பது அவளுக்குக் காட்டப்பட்ட சலுகை. அவளைக் கேட்டு, அவள் சம்மதித்து எழுதியது. படிப்பையும் தொழிலையும் பற்றி யாரும் கேட்கவில்லை. அவை ஏதோ பழைய தாளிலிருந்து தானாக வந்து உட்கார்ந்துகொண்டன.

ஒன்பது பற்களையும் எடுத்தார்கள். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டி, வேண்டுமா என்று கேட்டார்கள். பூங்கோதை குனிந்து பார்த்தாள். பச்சை மண்ணில் காற்றுக்குமிழ் இருந்து, சூளையில் வெடித்துப்போன பொம்மைத் துண்டுகள் மாதிரி இருந்தன. வேண்டாம் என்றாள். பிறகு அந்த இளம்பெண் டாக்டர் வந்து, மாதிரிப் பல்வரிசை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ரெண்டு வேளை, ரெண்டு நிமிஷம் என்று ஆரம்பித்து ஆலோசனை வழங்கினாள். உறை மேசையிலேயே தங்கிவிட்டது. பாதி வழியில்தான் பூங்கோதைக்கு ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்க் கேட்கத் தோன்றவில்லை.

பத்து நாள் தேவி தயிர்சாதம் தின்றாள். ஒருமுறை மிக்ஸிக்குச் சிரித்தாள். முன்பல் இல்லாத வாய் குகை மாதிரித் திறந்தது. பட்டறையில் பாஞ்சாலை, “ஒருவழியா முடிஞ்சிதுடி” என்றாள். பதினோராம் நாள் காலை தேவி கன்னத்தில் அறைந்துகொண்டாள். இந்தத் தடவை வலது கன்னம்.

விருத்தகிரி மறுபடியும் தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்தார். புண் நன்றாக ஆறியிருந்தது.

“வலி போயிருக்கணும்மா.”

“அப்ப ஏங்க அடிச்சிக்கறா?”

“பழக்கமாப் போயிருக்கலாம். காது வலியா இருக்கலாம். பின்னால ஒரு பல்லு மொளைக்குது பாருங்க, அது குத்தறதா இருக்கலாம். என்னான்னு அவதான் சொல்லணும்.”

அவள் சொல்லமாட்டாள் என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். டாக்டர் இன்னும் கொஞ்சம் உள்ளே வெளிச்சத்தைத் திருப்பினார். ஈறைக் கிழித்துக்கொண்டு பாதி வெளியே வந்திருந்த பல்லின் தலையில் சுண்ணாம்பு வைத்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது.

“இது வுழாத பல்லு. சாகற வரைக்கும் இதுதான். ஆனா இப்பவே கெட ஆரம்பிக்குது.”

“என்னா சார் பண்றது?”

அவர் வாயைத் திறந்தார். ஆலோசனை வரவில்லை. டார்ச்சை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு, “வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

பூங்கோதை தேவியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய், மிச்சமிருந்த பிள்ளையார்களைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் தரையில் உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் வைத்து, வெறும் ஆள்காட்டி விரலில் ஈரத்துணியைச் சுற்றி, பாக்கியிருந்த பதினொரு பால்பற்களையும் பாதி முளைத்த பல்லையும் தேய்த்தாள். தேவி கடித்தாள். பிறகு தேவிக்கு மருந்து கொடுத்து, மறுபடியும் துடைத்துவிட்டாள்.